ஆயிரம் கடிதம் போட்டால் எத்தனை பேர் வருவார்கள்?

தபாலில் கடிதமும் துண்டறிக்கையும் அனுப்பி வியாபாரம் பிடிப்பதைப் பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: ஐயா, பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்களுக்குப் புடவைக் கடை. போன தீபாவளிக்கு முன்னால் பளபளப்புத் தாளில் 3,000 துண்டறிக்கை அடித்து, ஆள் வைத்து, சுற்றியிருக்கிற ஃபிளாட், கொண்டோ, தாமான் (குடியிருப்புப் பகுதி) எல்லாவற்றிலும் தபால் பெட்டிகளில் போட்டோம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இந்த முறை கெட்டித் தாள் போடலாமா, இல்லை வடிவமைப்பாளரை மாற்றலாமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: தாளும் இருக்கட்டும், வடிவமைப்பாளரும் இருக்கட்டும் அம்மா, அது யார் கைக்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். எட் மேயர் என்ற அமெரிக்கர் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிவிட்டுப் போனார்: பலனில் 40 பங்கு யாருக்கு அனுப்புகிறோம் என்பதில், இன்னொரு 40 அவர்களுக்கு என்ன தருவதாகச் சொல்கிறோம் என்பதில், படம், எழுத்து, தாள் எல்லாம் சேர்ந்து மிச்சம் 20. ஆய்வில் அளந்து எடுத்த எண் இல்லை இது, அனுபவத்தில் சொன்னது, ஆனாலும் சிறு வியாபாரிகள் செலவு செய்கிற விதத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது. பணமும் நேரமும் அந்த 20 பங்கிலேயே கரைந்துபோகிறது.

நீங்கள் போட்ட 3,000 பெட்டிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எல்லா இனத்தாரும் கலந்து இருக்கிற ஃபிளாட்டுகள், அதில் புடவை கட்டுகிற வீடு எத்தனை, அந்த வீடுகளிலும் இந்தத் தீபாவளிக்குப் புடவை எடுக்கப்போகிறவர்கள் எத்தனை, அதிலும் ஏற்கெனவே வழக்கமாகப் போகிற வேறு கடை இல்லாதவர்கள் எத்தனை? கொண்டோக்களில் பெட்டிக்குப் பக்கத்திலேயே குப்பைக் கூடை இருக்கிறது, வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பாதித் தாள் அதில் விழுந்துவிடும்.

உங்கள் கடையில் ரசீதுப் புத்தகங்கள் இருக்குமே, அவைதான் உங்கள் சொத்து. கடந்த இரண்டு வருடத்தில் வாங்கியவர்களை ஒரு நோட்டிலோ எக்ஸெல்லிலோ ஏற்றுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று விஷயம் போதும்: கடைசியாக எப்போது வந்தார், மொத்தம் எத்தனை தடவை வந்தார், எவ்வளவுக்கு வாங்கினார். சமீபத்தில் வந்தவர், அடிக்கடி வருகிறவர், பெரிய தொகைக்கு வாங்குகிறவர் மேலே, மற்றவர்கள் கீழே என்று வரிசைப்படுத்துங்கள். இந்த மூன்றில் முதலாவதுக்குத்தான் வலு அதிகம், நேற்று வாங்கியவர்தான் நாளையும் வாங்குவார், நான்கு வருடம் முன்னால் ஒரே தடவை வந்தவர் உங்களை மறந்தே போயிருப்பார். மேலே இருக்கிற 200 பேருக்கு நல்ல கடிதம் ஒன்று அனுப்பினால், முகம் தெரியாத 3,000 பேருக்குப் போட்டதைவிட அதிகம் பேர் வருவார்கள், செலவும் குறையும். முகவரி இல்லாதவர்களிடம் இனி கல்லாவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் (சட்டம் என்ன சொல்கிறது என்பது கீழே வருகிறது).

அடுத்த 40 பங்கு. 10 சதவீதக் கழிவு என்று எல்லாக் கடையும் எழுதுகிறது, அதைப் பார்த்து யாரும் பாலம் தாண்டி வரமாட்டார்கள். பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி ஒன்றைக் கொடுங்கள்: புதுச் சரக்கை வெளியில் வைப்பதற்கு முதல் நாள் மாலை அவர்கள் வந்து பார்க்கலாம், அல்லது இந்தத் தேதிக்குள் எடுக்கிற பட்டுக்கு ரவிக்கை தையல் கூலி நம்முடையது. தேதி கட்டாயம் இருக்கட்டும். கடிதத்தைக் கொண்டு வந்தால்தான் சலுகை என்று வையுங்கள், அப்போதுதான் எண்ண முடியும். போன வருடம் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, அதை வீட்டிலேயே விட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் போய்விட்டது.

கேள்வி: கல்விக் கண்காட்சியில் பெயர் கொடுத்த பெற்றோர்களுக்கு எங்கள் டியூஷன் நிலையத்திலிருந்து 1,000 கடிதம் அனுப்பினோம். 70 திரும்பி வந்தது. 26 பேர் கூப்பிட்டார்கள், 11 பேர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தோற்றுவிட்டோமா? எத்தனை சதவீதம் வந்தால் நல்லது?
– வாசகர், செந்தூல்

பதில்: எத்தனை சதவீதம் நல்லது என்று பொதுவாகச் சொல்லவே முடியாது தம்பி, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். உங்கள் செலவும் உங்கள் லாபமும்தான் அதைச் சொல்லும்.

அச்சு, உறை, தபால்தலை, மடித்து ஒட்டக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து ஒரு கடிதத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு ஆனது என்று வைத்துக்கொள்வோம், 1,000 கடிதத்துக்கு 2,400 வெள்ளி. ஒரு மாணவர் மாதம் 120 வெள்ளி கட்டுகிறார், ஆசிரியர் பங்கு, வாடகை, மின்சாரம் போக உங்கள் கையில் 40 நிற்கிறது, சராசரியாகப் பத்து மாதம் படிக்கிறார் என்றால் ஒரு மாணவரால் 400 வெள்ளி. 2,400ஐ 400ஆல் வகுத்தால் 6. ஆறு பேர் சேர்ந்தபோதே உங்கள் முதல் திரும்பிவிட்டது, மிச்ச ஐந்து பேரால் வருகிற 2,000 வெள்ளி லாபம். இதில் தோல்வி எங்கே இருக்கிறது? இதே செலவில் பலகாரம் விற்கிறவர் அனுப்பியிருந்து, ஒரு ஆர்டருக்கு அவருக்கு 18 வெள்ளிதான் நிற்கிறது என்றால், முதலைத் திரும்ப எடுக்கவே 134 ஆர்டர் வேண்டும், அதாவது நூற்றுக்கு 13 பேருக்கு மேல். முகம் தெரியாதவர்களிடம் அது நடக்காது, பழைய வாடிக்கையாளர்களிடம் நடக்கலாம். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் உண்மையான எண்களைப் போட்டு அடுத்த கட்டு அனுப்புவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

விகிதம் பார்க்கும்போது 1,000ஆல் வகுக்காதீர்கள், போய்ச் சேர்ந்தது 930தான். கூப்பிட்டவர்கள் 26 என்றால் 2.8 சதவீதம், சேர்ந்தவர்கள் 11 என்றால் 1.2 சதவீதம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் முதல் எண் கடிதத்தின் வேலை, இரண்டாவது உங்கள் வேலை. கூப்பிட்டும் சேராமல் போன அந்த 15 பேர்தான் எனக்கு உறுத்துகிறது. போனை யார் எடுத்தார்கள், வகுப்பு நேரமும் கட்டணமும் அந்த ஆளுக்குச் சரியாகத் தெரியுமா, மாலை ஆறு மணிக்குப் பாடம் நடக்கும்போது வந்த அழைப்புகள் என்னவாயின? அந்தப் பதினைந்தில் நான்கு பேரைச் சேர்த்திருந்தால் ஒரு காசு தபால் செலவு இல்லாமல் இன்னும் 1,600 வெள்ளி.

திரும்பி வந்த 70ஐக் குப்பையில் போடாதீர்கள். உறையைப் பாருங்கள், ‘பிண்டா’ என்று குறித்திருந்தால் வீடு மாறிவிட்டார்கள், முகவரி முழுதாக இல்லை என்று குறித்திருந்தால் பிளாக் எண்ணோ அஞ்சல் குறியீடோ விட்டுப்போயிருக்கும். அன்றைக்கே பட்டியலில் திருத்திவிடுங்கள்.

கேள்வி: 10,000 இந்தியர்களின் பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் உள்ள பட்டியல் மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நம் மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்துக்காக ஒருவருடைய விவரத்தைப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை, அந்த 10,000 பேரில் யாரும் உங்களுக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. இந்த அடிப்படையை மீறினால் தண்டனை 2024 திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம் வெள்ளி வரை, சிறை மூன்று வருடம் வரை. 43ஆம் பிரிவின்படி, எனக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்துங்கள் என்று ஒருவர் எழுத்தில் கேட்டால் நிறுத்தத்தான் வேண்டும். விவரம் வாங்கும்போது கொடுக்கிற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், நம் ஆட்களுக்காகத் தமிழிலும் சேர்த்துப் போடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் அந்தப் பட்டியலில் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள், மிச்சப் பேருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. நம் முகவரி இவருக்கு எப்படிப் போனது என்ற கோபத்தோடு பிரிக்கிற கடிதத்துக்கு யார் பதில் போடுவார்கள்?

கேள்வி: அண்ணா, நான் வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் 300 பேருக்குக் கடிதம் எழுதினேன். 12 ஆர்டர்தான். கடிதத்தின் நகல் இணைத்திருக்கிறேன், எங்கே தவறு என்று பார்த்துச் சொல்லுங்கள்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: படித்தேன் தங்கச்சி. இப்படித் தொடங்குகிறது: ‘அன்புள்ள வாடிக்கையாளரே, தரம், சுவை, சுத்தம் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்ற எங்கள் நிறுவனம் இவ்வாண்டும் தங்களுக்குச் சேவையாற்றுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறது.’ இந்த வரியைப் படிக்கிறவருக்கு உங்கள் முறுக்கின் வாசனை கொஞ்சமாவது வருகிறதா? உங்கள் கையால் செய்ததை வாங்கிச் சாப்பிட்டவர்கள் இவர்கள், உங்களைத் தெரிந்தவர்கள், அவர்களிடம் நிறுவனம் மாதிரிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘வணக்கம் திருமதி சாந்தி. போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு கிலோ நெய் முறுக்கும் 50 அதிரசமும் வாங்கினீர்கள். இந்த வருடமும் அதே அளவு உங்களுக்காக எடுத்து வைக்கவா? இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், போன வருட விலையிலேயே தருகிறேன். அதற்குப் பிறகு வருகிற ஆர்டர்களுக்குப் புது விலை. மொத்தம் 150 வீட்டுக்குத்தான் என்னால் செய்ய முடியும்.’

அவ்வளவுதான். அவர் வாங்கியது என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கிறது, அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம், அதற்கு ஒரு தேதி, தேதிக்கு ஒரு காரணம். 150 என்ற எண் உண்மையாக இருக்க வேண்டும், 300 பேருக்கும் செய்து கொடுத்துவிட்டு அடுத்த வருடம் 150 என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். கீழே பேனாவால் கையெழுத்துப் போடுங்கள், அதற்கும் கீழே ஒரு பி.கு.: ‘இந்த வருடம் சர்க்கரை குறைத்த பொருள்விளங்காய் உருண்டையும் உண்டு, கேட்டால் சாம்பிள் தருகிறேன்.’ கடிதத்தைப் பிரித்ததும் பலருடைய கண் முதலில் தன் பெயருக்கும் அப்புறம் நேராகக் கையெழுத்துக்கும் போய்விடும், அதனால் பி.கு. படிக்கப்படுகிற அளவுக்கு நடுப்பத்தி படிக்கப்படுவதில்லை.

பெயர் விஷயத்தில் கவனம். நீங்கள் கணினியில் பெயரை ஏற்றி அச்சடித்திருக்கிறீர்கள், நகலில் ‘அன்புள்ள ஏ/பி’ என்று விழுந்திருக்கிறது. ‘இன்னாரின் மகள்’ என்பதற்கு அடையாள அட்டையில் போடுகிற மலாய்ச் சுருக்கம் அது, அங்கே இருக்கிற முழுப் பெயரிலிருந்து நடுத்துண்டை வெட்டினால் இப்படித்தான் வரும். அழைக்கும் பெயர் என்று பட்டியலில் தனியாக ஒரு கட்டம் வைத்து, அதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், 300 பெயர்தானே, இரண்டு மாலை வேலை. அதே கையோடு ஒரே வீட்டுக்கு மாமியாருக்கு ஒன்று மருமகளுக்கு ஒன்று என இரண்டு கடிதம் போகாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

மொழியையும் ஒரு கட்டமாகக் குறித்து வையுங்கள். நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் தமிழ்க் கடிதத்தைப் பிரித்துவிட்டு அம்மா வரட்டும் என்று மேசையில் வைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் அல்லது மலாய் என்று அடித்தால் ஒரே தாளில் முடிந்துவிடும். ஏ4 தாள் 80 கிராம் வகை என்றால் ஒன்று 5 கிராம்தான் எடை, விலைப்பட்டியலும் சேர்த்து இரண்டு தாள், சின்ன உறை என்று வைத்தால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறாது. கெட்டி அட்டையில் விலைப்பட்டியல் அடிப்பதற்கு முன் ஒரு மாதிரியைச் செய்து தபால் அலுவலகக் கவுண்டரில் எடை போட்டுப் பாருங்கள்.

உறையில் கண்ணாடிச் சன்னல் வேண்டாம், வங்கிக் கடிதம் மாதிரி இருக்கும். முகவரியைக் கையால் எழுதி, தபால்தலை ஒட்டுங்கள். 300 உறை எழுதக் கை வலிக்கும், வீட்டில் எல்லாரையும் உட்கார வையுங்கள். கையால் எழுதிய உறை இந்தக் காலத்தில் வருவதே அபூர்வம், யாரும் பிரிக்காமல் போடமாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய தேதியைப் பார்த்தால் தீபாவளிக்குப் பதினொரு நாள் முன்பு. அதற்குள் பாதி வீடுகள் யாரிடமாவது சொல்லிவைத்திருக்கும். ஐந்து வாரத்துக்கு முன் முதல் கடிதம் கைக்குப் போக வேண்டும், பதில் சொல்லாதவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை. சம்பள நாளையும் பாருங்கள்: வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும், ஆகவே மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாதம் ஏழு தேதிவரை எல்லார் கையிலும் காசு இருக்கும். பதினெட்டாம் தேதி போய்ச் சேருகிற கடிதம் ‘அப்புறம் பார்க்கலாம்’ பெட்டிக்குப் போய்விடும்.

கேள்வி: கியூஆர் போட்டால் போதுமா, போன் நம்பரும் போட வேண்டுமா?
– வாசகர், பூச்சோங்

பதில்: இரண்டும் போடுங்கள். இளையவர்கள் கியூஆரைத் தட்டுவார்கள், அறுபது வயதுக்காரர் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார், எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கியூஆர் உங்கள் இணையப் பக்கத்தின் முகப்புக்குப் போய் நிற்காமல் நேரே வாட்ஸ்அப்பைத் திறக்கட்டும், செய்தியும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கட்டும், அவர் அனுப்புகிற பட்டனை மட்டும் அழுத்தினால் போதும். அந்தச் செய்தியில் ‘கடிதம் ஏ’ என்று ஒரு குறி வைத்துவிட்டால் எந்தக் கடிதத்தைப் பார்த்து வந்தார் என்றும் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் நூலகத்துக்கு நிதி கேட்டுக் கடிதம் போட்டது. பழைய பதிவேட்டில் இருந்த 600 முகவரிக்கு அனுப்பினோம், 400க்கு மேல் திரும்பி வந்துவிட்டது. மனமே விட்டுப்போய்விட்டது ஐயா.
– வாசகர், நிபோங் திபால்

பதில்: மனம் விட வேண்டாம். பழைய பதிவேட்டில் இருப்பது தோட்டத்து முகவரிகள். அந்த லயன் வீடுகள் இப்போது இல்லை, குடும்பங்கள் பிறைக்கும் சுங்கை பட்டாணிக்கும் கிள்ளானுக்கும் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? முதலில் ஆட்களைத் தேடுங்கள், நிதி அப்புறம். ஒவ்வொரு வருடத்து ஆறாம் ஆண்டு வகுப்புக்கும் ஒருவரைப் பிடியுங்கள், அவருக்குத் தன் வகுப்பில் பத்துப் பேரையாவது தெரிந்திருக்கும், அந்தப் பத்துப் பேரிடமும் முகவரியையும் எழுதலாமா என்ற சம்மதத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பருவம் ஆகட்டும். 150 உறுதியான முகவரி கிடைத்தால் அந்த 600ஐவிட மேல்.

கடிதத்தில் ‘உங்களால் இயன்றதைத் தாருங்கள்’ என்று விடாதீர்கள். இயன்றது என்ன என்று யோசித்து யோசித்தே கடிதம் அலமாரிக்குப் போய்விடும். 30 வெள்ளி என்றால் ஒரு கதைப் புத்தகம், 250 என்றால் ஒரு அலமாரித் தட்டு என்று உங்கள் உண்மை விலையைப் போட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பறைப் படம் போதும், தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேர் படமும் வேண்டாம். வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவில் அங்கீகாரம் இருந்தால் ரசீதுக்கு வரி விலக்கு உண்டு என்பதை உறையிலேயே எழுதலாம், இல்லாவிட்டால் எழுதக் கூடாது. முன்பு கொடுத்தவர்களுக்கு முதலில் நன்றிக் கடிதம் போகட்டும், அதில் எதுவும் கேட்க வேண்டாம், அவர் பணத்தில் வாங்கிய புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைகள் எழுதிய நான்கு வரி இருந்தால் போதும். அடுத்த கடிதத்தை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு விதக் கடிதம் எழுதி ஒவ்வொன்றும் 500 பேருக்கு அனுப்பினோம். முதலாவதுக்கு 9 பதில், இரண்டாவதுக்கு 14. இரண்டாவதுதான் சிறந்தது என்று முடிவு செய்துவிடலாமா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: இன்னும் முடியாது. இரண்டு பிரிவும் ஒரே அளவு என்றால் இப்படிச் செய்யுங்கள்: பதில்களைக் கூட்டுங்கள், 9ம் 14ம் 23. அதன் வர்க்கமூலம் 4.8, அதை இரண்டால் பெருக்கினால் 9.6. உங்கள் வித்தியாசம் 5தான். 9.6ஐத் தாண்டாத வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, ஒரே கடிதத்தை இரண்டு கட்டாக அனுப்பியிருந்தாலும் வந்திருக்கலாம். இரண்டாவதுக்கு 21 வந்திருந்தால் கதை வேறு: கூட்டல் 30, வர்க்கமூலம் சுமார் 5.5, இரண்டால் பெருக்கினால் 11, வித்தியாசம் 12, அப்போது தைரியமாக நம்பலாம்.

பிரித்தது எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று கோலாலம்பூருக்கு, இன்னொன்று பினாங்குக்கு என்று பிரித்திருந்தால் ஊரை அளந்தீர்கள், கடிதத்தை அளக்கவில்லை. பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து, ஒரே நாளில் தபாலில் சேர்க்க வேண்டும். சோதிப்பதும் பெரிய விஷயமாக இருக்கட்டும், தையல் இலவசமா கழிவா, பழைய வாடிக்கையாளரா புதியவரா என்கிற மாதிரி. தலைப்பு நீலமா சிவப்பா என்று சோதித்தால் வருகிற வித்தியாசம் இந்த அளவு எண்ணிக்கையில் கண்ணுக்கே தெரியாது. இன்னொரு 500, 500 அனுப்பிப் பழைய எண்களோடு கூட்டிப் பாருங்கள், அதுவரை வேறு யாருக்காவது கடிதம் போட வேண்டியிருந்தால் 14 வந்ததையே அனுப்புங்கள், நஷ்டமில்லை.